லேப் சீனியரின் டிஃபென்ஸுக்கு நாம் என்ன செய்யணும்?

தம்பி, ஜெர்மனியில் இந்தக் கோட்டிங்கனுக்கு இப்பத்தான் வந்திருக்கிறாய். அடுத்த மாதம் லேப் சீனியருக்கு நியூரோசயன்ஸ் தீசிஸ் டிஃபென்ஸ், அதாவது டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, எல்லாரும் தொப்பி, வண்டி என்று பேசுகிறார்கள், நான் என்ன பரிசு வாங்கணும் என்று கேட்டிருக்கிறாய். தக்கலைப் பையன் கேட்டு திருவட்டாறுகாரன் சொல்லாமல் இருப்பேனா?

பரிசை விடு மக்களே. தொப்பி செய்கிற இடத்தில் போய் உட்கார். கறுப்பு அட்டையில் தொப்பி செய்து, அவருடைய ஆராய்ச்சியையும் குணத்தையும் கிண்டலடிக்கிற சாமான்களை அதன்மேல் ஒட்டுவார்கள். பேட்ச் கிளாம்ப் செய்கிறவர் என்றால் கண்ணாடிக் குழாய், பொம்மை எலி, அவர் கழுவாமல் போட்டுவைக்கிற காபி கப். செல் சவ்வில் அயனிகள் போய்வரும் ஒற்றை வாசலில் ஓடும் மின்னோட்டத்தைக்கூட நுண்ணிய கண்ணாடிக் குழாயை வைத்து அளக்கிற அந்த முறைக்காகத்தான் இந்த ஊர் எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் 1991-ல் நோபல் வாங்கினார்கள். அதனால் கண்ணாடிக் குழாயை மறந்துவிடாதே. லேபில் யார் எப்படி என்பது, பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து பேசும்போதுதான் தெரியவரும். மீட்டிங்கில் தெரியாது.

டிஃபென்ஸ் முடிந்து வெளியே வந்ததும் தொப்பியை மாட்டி, ஜோடித்த கைவண்டியில் உட்காரவைத்து, பழைய நகர்மன்றத்துக்கு முன்னால் இருக்கும் நீரூற்றுக்கு இழுத்துப் போவார்கள். அங்கே வாத்துக்காரப் பெண்ணின் சிலை, பெயர் கென்ஸெலீசல், முதலில் 1901-ல் வைத்தது. புது டாக்டர் ஏறி அதற்கு முத்தம் கொடுத்துப் பூங்கொத்து வைக்கணும். 1926-ல் முத்தத்துக்குத் தடை போட்டுப் பார்த்தார்கள், எவன் கேட்டான்? வண்டி இழுக்க ஆள் தேடுவார்கள், முதலில் நீ கை கொடு. பூவுக்குப் பங்கு கேட்டால் கொடுத்துவிடு. தோவாளைச் சந்தை விலையை மட்டும் அப்போது நினைக்காதே, வயிறு எரியும்.

சாப்பாடும் குடியும் பெரும்பாலும் பட்டம் வாங்குகிறவர் செலவு. மனசு கேட்கவில்லையென்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொத்தை ஒரு தட்டில் வை. ஊரிலிருந்து வரும் பால், இறைச்சிப் பண்டங்களை இந்த நாட்டுக்குள்ளே விடமாட்டார்கள், இதில் பயறும் வெல்லமும் தேங்காயும்தானே. 'எள், மைதா உண்டு' என்று ஒரு சீட்டு எழுதிப் பக்கத்தில் வைத்துவிடு, அலர்ஜிக்காரர்கள் கேட்பார்கள்.

அப்புறம், வாழ்த்து அட்டையில் 'டாக்டர்' என்று விளையாட்டாக எழுதலாம். ஆனால் தீசிஸ் வெளியாகிச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் இங்கே அதைப் பெயரோடு போடச் சட்டம் அனுமதிக்கும். உன் முறை வரும்போது அப்பாவுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. பரவாயில்லை, தக்கலை ஜங்ஷனில் ஃபிளக்ஸ் வைப்பதை ஜெர்மன் சட்டம் தடுக்காது.