தொழில் தெரிந்தவரும் ஆள் தெரிந்தவரும்

கேள்வி: வளரும் நாடுகளில் அரசியல் தொடர்பு இல்லாமல் தொழிலில் மேலே வர முடியுமா? அந்தத் தொடர்பைத் தேடிக்கொள்வதும் ஒரு சாமர்த்தியம்தானே?

பதில்: சாமர்த்தியமா? இந்த விஷயத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

1996-இல் இந்தோனேசியாவில் தேசிய கார் தயாரிக்கும் உரிமை ஒரு கம்பெனிக்குக் கிடைத்தது. இறக்குமதி வரி கிடையாது, ஆடம்பர வரியும் கிடையாது. முதலாளி, அதிபர் சுகார்த்தோவின் இளைய மகன் டாமி. தொழிற்சாலை தயாராக இல்லை. அதனால் என்ன? கொரியாவில் கியா கம்பெனி செய்த 45,000 கார்களை முழுசாகவே இறக்கிக்கொள்ள அனுமதி வந்தது. 'திமோர்' என்ற பெயரை ஒட்டியதும் அது தேசிய கார்! 1998-இல் உலக வர்த்தக அமைப்பே இது விதிமீறல் என்று சொன்னது. இதில் மகனின் சாமர்த்தியம் எது? அப்பாவின் கையெழுத்துதான் இருக்கிறது.

1996 ஜூலையில் சுகார்த்தோ உடல் பரிசோதனைக்காக ஜெர்மனி போனார். ஜகார்த்தா பங்குச் சந்தை இறங்கியது. அவர் மகன் பம்பாங்கின் பிமந்தாரா கம்பெனிப் பங்கு அதைவிட வேகமாகச் சரிந்தது. முதலீட்டாளர்களுக்குத் தெரியும், அங்கே உண்மையான சொத்து எதுவென்று.

தொழிலதிபர் வரலாறு எழுதுகிறவர்களோடு எனக்கு ரொம்ப நாளாகச் சண்டை. இளமையில் பட்ட கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது என்ற இடம் வந்தால் ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். நம் நாட்டிலேயே, பெரிய தொழில் குடும்பங்கள் ஒரே பொருளுக்குப் பல விண்ணப்பங்கள் போட்டு தொழில் தொடங்க அரசு தரும் லைசென்ஸை மடக்கி வைத்துக்கொண்டதை 1967-இல் பொருளாதார நிபுணர் ஹசாரி அரசுக்குக் கொடுத்த அறிக்கை சொன்னது. அடுத்தவன் தொழில் தொடங்கக் கூடாது என்பதற்காகவே ஒரு லைசென்ஸ்! தொடர்பு செய்யும் பெரிய கெடுதல் இதுதான். தொழிலுக்கு வருகிறவரின் நோக்கமே மாறிப்போகிறது.

துனீசியாவில் 2011-இல் அதிபர் பென் அலி ஓடிப்போன பிறகு, அவர் குடும்பத்தோடு தொடர்புள்ள 220 கம்பெனிகளை உலக வங்கி ஆய்வாளர்கள் அலசினார்கள். தனியார் துறை லாபத்தில் 21 சதவீதம் இவற்றுக்குப் போயிருந்தது. இவை கொடுத்த வேலையோ சுமார் 1 சதவீதம்.

சரி, சின்ன முதலாளியும் கட்சிக்காரரைத் தேடிப் போகிறாரே என்பீர்கள். அவர் போவது பயத்தில். கோப்பு நகரவில்லை, இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து நிற்கிறார், பூட்டிவிடுவார்களோ என்ற கவலை. கண்ணில் படக் கூடாதென்று போர்டு கூட வைக்காமல், ஒரே பட்டறையை இரண்டு பெயரில் நடத்துகிறவர் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவரை அந்த வாசலில் நிற்க வைத்தவர்கள்மேல்தான் என் கோபம்.

தொடர்பு இல்லாமல் முடியுமா? அனுமதிச் சீட்டு குறைந்த இடத்தில் முடிகிறது. 1991-க்கு முன்பு ஒரு கம்ப்யூட்டர் இறக்குமதி செய்யவே டெல்லிக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சல் ஓய்ந்த பிறகுதான் நம் மென்பொருள் கம்பெனிகள் வளர்ந்தன. ஏற்றுமதிக்கு வரிச் சலுகை இருந்தது, ஆனால் அது ஏற்றுமதி செய்த எல்லோருக்கும் இருந்தது. வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தார், அவரிடம் எந்த அமைச்சரின் சிபாரிசும் எடுபடாது.