பெட்ரோலின் ஆவி அழுத்தம்: சராசரி ஏன் கைவிடுகிறது?

கேள்வி: ஹெக்சேன் என்றால் ஆன்டுவான் சமன்பாட்டில் (வெப்பநிலையிலிருந்து ஒரு தூய சேர்மத்தின் ஆவி அழுத்தத்தைத் தருவது) போட்டு ஆவி அழுத்தத்தை எடுத்துவிடுகிறேன். பெட்ரோல், நாஃப்தா மாதிரி நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்த பின்னத்துக்கு (கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பிரித்த பகுதிக்கு) என்ன வழி? சராசரிக் கொதிநிலையை வைத்துக் கணக்கிட்டால் ஆய்வகம் அளந்ததைவிட ரொம்பக் குறைவாக வருகிறது.
– மூன்றாம் ஆண்டு கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவி

பதில்: குறைவாகத்தான் வரும், கோளாறு அந்தச் சராசரியில் இருக்கிறது. பென்டேனும் ஆக்டேனும் மோல் கணக்கில் பாதிக்குப் பாதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 37.8 டிகிரி செல்சியஸில் பென்டேனின் ஆவி அழுத்தம் 107 கிலோபாஸ்கல், ஆக்டேனுக்கு 4கூட இல்லை. ரவுல்ட் விதிப்படி (ஒவ்வொரு சேர்மத்தின் ஆவி அழுத்தத்தையும் அதன் மோல் பங்கால் பெருக்கிக் கூட்டுவது) கலவைக்கு ஏறத்தாழ 55 வரும். இப்போது கொதிநிலைகளைச் சராசரி எடுங்கள், 81 டிகிரி. கிட்டத்தட்ட அதே கொதிநிலை கொண்ட சைக்ளோஹெக்சேனுக்கு 22 அல்லது 23தான். பாதிக்கும் கீழே! ஆவி அழுத்தம் கொதிநிலையோடு நேர்கோட்டில் போவதில்லை, லேசான சரக்கு கொஞ்சம் இருந்தாலும் அழுத்தத்தைத் தூக்கிவிடும்.

அதனால் பின்னத்தை மொத்தமாக எடுக்காதீர்கள். உண்மைக் கொதிநிலை வளைவை (எந்த வெப்பநிலைக்குள் எவ்வளவு சரக்கு வடிகிறது என்று காட்டும் வரைபடம்) பத்துப் பதினைந்து டிகிரித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனிச் சேர்மம் போல நடத்துங்கள். ஒவ்வொன்றின் ஆவி அழுத்தத்தையும் அதன் மோல் பின்னத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும். துண்டுக்கு ஆன்டுவான் மாறிலிகள் கிடையாது, ஆனால் கொதிநிலையும் ஒப்படர்த்தியும் கையில் இருக்கும். ஆவி அழுத்தத்தைக் கணிக்க 1975இல் வந்த லீ-கெஸ்லர் முறைக்குத் தேவையான மாறுநிலை வெப்பநிலை, மாறுநிலை அழுத்தம், ஏசென்ட்ரிக் காரணி (மூலக்கூறு எளிய கோள வடிவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) மூன்றையும் அவற்றிலிருந்தே மதிப்பிடலாம். கனமான பின்னங்களுக்கு மாக்ஸ்வெல்-பானல் முறை. அதில் கொதிநிலையே பிரதானம், வாட்சன் எண் (கொதிநிலையையும் ஒப்படர்த்தியையும் வைத்துச் சரக்கு பாரஃபின் வகையா அரோமேட்டிக் வகையா என்று காட்டும் எண்) 12இலிருந்து விலகினால் மட்டும் திருத்தம் வேண்டும். ஹெக்சேனுக்கு அந்த எண் 12.8, பென்சீனுக்கு 9.7. அதாவது அரோமேட்டிக் கூடுதலான சரக்கில் திருத்தத்தை விட்டுவிடாதீர்கள்.

பியூட்டேன், பென்டேன்களை மட்டும் இந்த முறைகளிடம் கொடுக்க வேண்டாம். கேஸ் குரோமட்டோகிராஃபில் அவற்றின் அளவைத் தனித்தனியாக எடுத்து, தூய சேர்மத்தின் மதிப்பையே போடுங்கள். பியூட்டேனுக்கு அதே வெப்பநிலையில் சுமார் 356 கிலோபாஸ்கல், ஆகவே மோலில் 5 சதவீதம் பிசகினால் விடையில் கிட்டத்தட்ட 18 கிலோபாஸ்கல் பிசகும்.

அப்புறம், ஆய்வக எண் ரீட் முறையில் (37.8 டிகிரியில் மூடிய கலத்தில் அளக்கும் வழக்கமான பெட்ரோல் சோதனை) வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சோதனையில் திரவத்தைப் போல நான்கு மடங்கு காலியிடம் இருப்பதால் லேசான பொருள் கொஞ்சம் அங்கே போய்விடும், பெட்ரோலுக்கு உண்மை ஆவி அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும்.