வால்டன்: வராத பில்லும் 102 அடியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க எழுத்தாளர் தோரோ, வால்டன் ஏரிக்கரையில் குடில் கட்டி வாழ்ந்ததைப் பற்றி எழுதிய 'வால்டன்' நூலை அண்மையில் வாசித்தேன். அவரைக் காட்டில் தனித்து வாழ்ந்த ஞானியாகவே எண்ணியிருந்தேன். குடில் ஊரிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருந்தது, துணிகளை வீட்டில்தான் துவைத்துக் கொடுத்தார்கள் என்று பிறகு அறிந்தபோது ஏமாற்றமாக இருந்தது. இயற்கையிலும் தன் உள்ளுணர்விலும் உண்மையை நேரடியாகக் காணலாம் என்ற ஆழ்நிலைவாதத்தை முன்வைத்தவர், தோரோவின் வழிகாட்டியான எமர்சன். அதை இவர் வாழ்ந்து காட்டினார் என்பது சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குடிலுக்கு ஆன செலவை 28 டாலர் 12½ சென்ட் என்று எழுதிவைக்கும் தோரோ, சலவையும் தையலும் பெரும்பாலும் வெளியே நடந்தன, அவற்றுக்கான பில் இன்னும் வந்து சேரவில்லை என்று அதே அத்தியாயத்தில் சொல்லிவிடுகிறார். அந்தக் குறும்பைக் கவனிக்காமல் கடந்துவிட்டு, பின்னர் அதையே குற்றச்சாட்டாகக் கேட்டு அதிர்கிறோம்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதியே முக்கியமானது. 1836இல் வெளிவந்த 'இயற்கை' நூலில், வெறுந்தரையில் நிற்கையில் தான் ஒளி ஊடுருவும் கண்விழியாக ஆகிவிடுவதாக எமர்சன் எழுதினார். அங்கே இயற்கை கருத்தாகக் கரைந்துவிடுகிறது. தோரோவின் வழி வேறு. வால்டன் ஏரிக்கு அடியே கிடையாது என்று பலர் நம்பிவந்த நிலையில், 1846இன் தொடக்கத்தில், உறைந்த ஏரியின் மேல் நடந்து, மீன்பிடிக் கயிற்றில் ஏறத்தாழ ஒன்றரை பவுண்டு கல்லைக் கட்டி இறக்கினார். கல்லுக்குக் கீழே நீர் புகுந்து தாங்கும்வரை கூடுதல் வலுவுடன் இழுக்க வேண்டியிருந்ததால், அது தரையை விட்டு எழும் கணத்தைக் கை அறிந்துகொண்டது. மிக ஆழமான இடம் 102 அடி. ஏரி ஒரு குறியீடாகும்படி ஆழமாகவும் தூயதாகவும் அமைந்ததற்கு அவர் நன்றி சொல்வது, இப்படி அளந்து முடித்த பிறகுதான். எமர்சனிடமிருந்து அவர் விலகும் இடம் இது. என் வாசிப்பில், எமர்சனைத் தாண்டும் இடமும் இதுவே.

அடுத்த குளிர்காலத்தில் அதே ஏரியில் ஆட்கள் பனிக்கட்டி வெட்டினார்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தின் பனிக்கட்டி கப்பலேறி மெட்ராஸ் வரை வந்த காலம் அது. மெரினாவுக்கு எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்துக்காகக் கட்டப்பட்டதுதான். மெட்ராஸ்வாசிகளும் தன் கிணற்றில், அதாவது இந்த ஏரியில், நீர் அருந்துகிறார்கள் என்று எழுதும் தோரோ, காலையில் கீதையை வாசித்துவிட்டு நீரெடுக்கப் போகிறார். அங்கே கங்கைக்கரை அந்தணர் ஒருவரின் பணியாளைக் கற்பனையில் சந்திக்கிறார். நூலிலேயே மிக உயரப் பறக்கும் அந்தப் பத்தியிலும், ஒரே கிணற்றுக்குள் இருவரின் வாளிகளும் உரசிக்கொள்வதை எழுத அவர் மறக்கவில்லை.