தூண்டில் சங்கம் தொடங்கும் முன்: வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

நாங்கள் ஆறு பேர் ஞாயிறுதோறும் எண்ணூர் பக்கம் தூண்டில் போடுகிறோம். சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா? (கொருக்குப்பேட்டை)

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி பதிவுக்கு ஏழு பேராவது வேண்டும். உங்களுக்கு ஒருவர் குறைகிறார். சேர்த்தாலும் அவசரப்படாதீர்கள். பதிவு செய்துவிட்டால் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கு முடித்து, வருடா வருடம் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். யார் வந்தார்கள், எந்த இடம், ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறியதா இறங்கியதா, என்ன மாட்டியது என்று ஆறு மாதம் எழுதுங்கள். அதற்குப் பிறகும் எல்லோரும் வந்துகொண்டிருந்தால், சந்தாப் பணமும் கைக்கு வர ஆரம்பித்தால், பதிவாளர் அலுவலகத்துக்குப் போகலாம்.

முகத்துவாரத்தில் குப்பத்து ஆட்கள் எங்களை எழுப்பி விட்டார்கள். ஆறு பொதுச் சொத்துதானே? (எர்ணாவூர்)

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு அது வயல். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை தலைமுறைகளாக இருக்கிறது. யார், எந்த இடத்தில், எந்த முறையில் வலை விடுவது என்று சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். வெறும் தண்ணீராக நம் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு ஏற்கெனவே ஒரு முறைக்காரர் இருப்பார்.

கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு சேற்றில் இறங்கி, பறியை (பிடித்ததைப் போடும் ஓலைக் கூடை) பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் இந்த ஆற்றில்தான் இறங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயும் இங்கேதான் படிந்தது. படகும் வலையும் கறுத்துப்போய் நின்றவர்களிடம் போய் பொதுச் சொத்து என்று வாதாடக் கூடாது.

பல வருடங்களுக்கு முன் என் தங்கூசி (தூண்டில் நைலான் நரம்பு) ஒருவருடைய வலையில் சிக்கிக்கொண்டது. நான் அறுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. கரையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்து, கண்ணி கண்ணியாக என் தூண்டில் முள்ளை எடுத்தார். அரை மணி நேரம் பக்கத்தில் நின்றேன். அப்புறம் கிழிந்த இடத்தைக் காட்டினார். ஒரு கை நுழையும் அளவு ஓட்டை. அன்றைக்கு அவருக்குத் தொழில் இல்லை.

அதனால் உங்கள் சங்கத்தின் முதல் கூட்டம் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தாரோடு நடக்கட்டும். எந்த இடம், எந்த நேரம் என்று அவர்களே சொல்லட்டும். இரைக்கான இறாலை அவர்களிடமே காசு கொடுத்து வாங்குங்கள். அறுந்த தங்கூசியில் ஒரு முழம்கூடக் கரையில் கிடக்கக் கூடாது.

ரெட்டேரியில் போட்டி நடத்தலாமா? (மாதவரம்)

ஏரிகளில் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். குத்தகை யாரிடம் இருக்கிறது என்று மீன்வளத் துறையில் விசாரித்து, அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் போட்டி அறிவிக்காதீர்கள்.

பத்து வயது மகனையும் சேர்க்கலாமா? என்ன பயம்? (தண்டையார்பேட்டை)

தாராளமாக, பெரியவர் ஒருவர் கைப்பிடித் தூரத்தில் இருந்தால். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத் தூண்டில் வளைவுகளில் (கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைத் தடுப்புகள், பெயரே நம் தொழிலைச் சொல்கிறது) அலை படும் பாறையெல்லாம் பாசி. அங்கே சிறுவர்கள் வேண்டாம்.

இரண்டாவது பயம் மேலே இருக்கிறது. கழிமுகத்தைத் தாண்டி உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன. கார்பன் ராடு (தூண்டில் கழி) மின்சாரத்தைக் கடத்தும். கம்பிக்குக் கீழே ராடை ஓங்கவே கூடாது, மடக்கித்தான் எடுத்துப் போக வேண்டும்.

மூன்றாவது கெளுத்தி. முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, மூன்றும் விறைத்து நிற்கும். துள்ளுகிற மீனைப் பையன் கையால் பிடிக்கப் போனால் குத்திவிடும், கடுப்பு தோள்வரை ஏறும். குத்துப்பட்ட கையைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணிக்கு மேல் வைத்திருங்கள். முதலில் உங்கள் கையை விட்டுச் சூடு பாருங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தால் ஆஸ்பத்திரிதான். பிளாஸ்க்கில் வெந்நீரும் ஒரு குறடும் இல்லாமல் நான் கிளம்புவதே இல்லை.

பிடித்த மீனைச் சாப்பிடலாமா? (திருவொற்றியூர்)

ஆலைக் கழிவு கலக்கும் இடத்து மீனை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் மீன் எளிதாகக் கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தலை முன்னே போகும்படி விடுங்கள். குஞ்சுக் கொடுவா மாட்டினால் எங்கேயானாலும் விட்டுவிடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் நமக்கும் உண்டா? (ராயபுரம்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. கரையிலிருந்து தூண்டில் போடுவதற்கு அது பொருந்தாது. ஆனால் மீன் முட்டையிடும் காலம் என்று சொல்லித்தான் காசிமேட்டில் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. அந்த இரண்டு மாதம் சினை மீன் மாட்டினால் உடனே விட்டுவிடுவது என்று எங்கள் குழுவில் விதி வைத்திருக்கிறோம். உங்கள் நோட்டிலும் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.