அம்மாவின் பெயரில் ஓர் ஊசி

கேள்வி: நான் ஹட்டனுக்கு அருகிலுள்ள பாடசாலையொன்றில் ஆசிரியை. வயது 37, உயரம் 157 சென்ரிமீற்றர், எடை 88 கிலோ. பிள்ளை பிறந்த பிறகு ஏறிய எடை எதற்கும் இறங்கவில்லை. முழங்கால் வலியால் வகுப்பில் நின்று படிப்பிக்க முடியவில்லை. கண்டியில் பார்த்த வைத்தியர் செமாகுளுடைட் என்ற வாராந்த ஊசியை எழுதித் தந்தார். பார்மஸியில் சொன்ன விலை, ஒரு மாதத்துக்கே என் சம்பளத்தில் பாதி. அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதியில் இதற்குப் பணம் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். தம்பி கொழும்பில் தனியார் கம்பனியில் வேலை செய்கிறான். அவனுடைய காப்புறுதியில் பெற்றோருக்கும் வெளிநோயாளர் செலவு வருடத்துக்கு ஓர் எல்லைவரை உண்டு. அது நான்கு மாத ஊசிக்குக் காணும். அம்மாவுக்குச் சீனி இருப்பதால் அவருடைய பெயரில் எழுதி வாங்கலாம் என்று படிவத்தையும் அனுப்பியிருக்கிறான். அம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது, சொன்னால் கையெழுத்து வைப்பார். காப்புறுதிக் கம்பனி கண்டுபிடித்துவிடுமா? அல்லது சீட்டுப் போட்டுச் சொந்தக் காசில் வாங்குவது நல்லதா?

— ஒரு வாசகி, ஹட்டன்

பதில்:

சகோதரி,

கம்பனி கண்டுபிடிக்குமா என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு விடையைப் பிறகு சொல்கிறேன். கடிதத்தின் கடைசிப் பகுதியில், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப்போன ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. "அம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது, சொன்னால் கையெழுத்து வைப்பார்." இந்த வரியை எழுதும்போது உங்கள் கை கொஞ்சமாவது தயங்கியதா?

உங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அவர் அல்லது அவருடைய அம்மா கொழுந்துக் கூடை சுமந்தவராகத்தான் இருப்பார் என்று ஊகிக்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் "பேர்" என்றுதான் சொல்வார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறித்த கிலோவில் கொஞ்சம் குறைந்தாலும் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுவார். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பிரட்டுக்களத்தில் நின்றது, அட்டை கடித்தது, மழையில் நனைந்தது எதுவும் கணக்கில் வராது. சம்பளப் பதிவேடான செக்ரோலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமலே எங்கள் பெண்கள் சம்பள நாளில் கைநாட்டு வைத்தார்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மக்களைப் பிரஜைகள் இல்லை என்று தள்ளிவைத்த பிறகு, 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்கள் வரைக்கும் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் பெயர் ஒரு கடதாசியில் ஏறுவதற்காகக் காத்திருந்தன. விளங்காத கடதாசியில் "இங்கே வை" என்று சொன்ன இடத்தில் விரலை வைக்கிற பழக்கம் துரைமாரோடும் கங்காணிமாரோடும் போய்த் தொலைந்தது என்று நினைத்திருந்தேன். இப்போது அதைப் படித்த மகளும் படித்த மகனும் சேர்ந்து, வீட்டுக்குள்ளேயே, பெற்ற தாயிடம் கேட்கிறீர்கள்.

இது வெறும் மானப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். உடல் சம்பந்தப்பட்ட விஷயமும் இதில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பெரியம்மாவை இரவு ஒன்பது மணிக்கு வியர்த்துக் கொட்டி நினைவு தடுமாறிய நிலையில் ஒரு வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பணியில் இருந்த இளம் வைத்தியர் எங்கள் அழுகையைக் கேட்கவில்லை, "கிளினிக் கொப்பி எங்கே?" என்றுதான் கேட்டார். பொலித்தீன் உறையில் போட்டு, மடித்து, பெரியம்மா முந்தானையில் செருகி வைத்திருந்த அந்தக் கொப்பியில் எழுதியிருந்ததை வைத்தே அன்றிரவு எல்லாம் நடந்தது. சீனி நோயாளி ஒருவருக்குச் செமாகுளுடைட் தொடங்கினால், இன்சுலினையோ சில மாத்திரைகளையோ குறைக்க வேண்டிவரும். உங்கள் அம்மாவின் பெயரில் நான்கு மாதம் இந்த ஊசி எழுதப்பட்டிருக்கும்போது, அதைப் பார்க்கிற வேறொரு வைத்தியர், அம்மா போடாத ஊசியைப் போடுவதாக நம்பித்தான் மற்ற மருந்துகளைத் தீர்மானிப்பார். கேட்டால் அம்மா என்ன சொல்வார்? பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்காமல் "ஆமாம் ஐயா" என்று சொல்வார்.

மறுபக்கத்தில் உங்களையும் பாருங்கள். ஊசி உங்கள் உடம்பில், பதிவு அம்மாவின் பெயரில். இந்த மருந்து இரைப்பையில் உணவை வழக்கத்தைவிட நெடுநேரம் தங்கவைக்கும். அதனால் சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வாராந்த ஊசியைச் சத்திரசிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தும்படி அமெரிக்க மயக்கவியல் வைத்தியர்களின் சங்கம் 2023 இல் ஆலோசனை சொன்னது இதற்காகத்தான். கணைய அழற்சி, பித்தப்பைக் கல் ஆகியவையும் இதன் அறியப்பட்ட ஆபத்துகள். நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய் நின்றால், உங்கள் பதிவில் எந்த ஊசியும் இருக்காது. கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே இதை நிறுத்த வேண்டும் என்பதையும், குடும்பத்தில் யாருக்காவது குறிப்பிட்ட வகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்தால் இதைத் தொடவே கூடாது என்பதையும் மனதில் வைத்து வைத்தியர் உங்களிடம் கேட்டறிய வேண்டும். பேரப்பிள்ளை கண்ட ஒரு வயதான அம்மாவின் பெயரில் எழுதும் வைத்தியர், அடுத்த பிள்ளையைப் பற்றி எதற்காகக் கேட்கப்போகிறார்?

உங்கள் தம்பியின் யோசனை எங்கிருந்து பிறந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஒரே செமாகுளுடைட் அமெரிக்காவில் 2017 இல் சீனி நோய்க்கென ஓசெம்பிக் என்ற பெயரிலும், 2021 இல் எடைக்கென வீகோவி என்ற பெயரிலும் அனுமதி பெற்றது. முதற் பெயருக்குப் பணம் கொடுக்கிற காப்புறுதி இரண்டாவது பெயருக்குப் பெரும்பாலும் கையை விரிக்கும். வீகோவி சந்தைக்கு வந்தபோது பட்டியல் விலை மாதத்துக்கு ஏறத்தாழ 1,350 டொலர். முதியோருக்கான அரச மருந்துக் காப்புறுதியில் எடைக் குறைப்பு மருந்துகளைச் சேர்க்கக்கூடாது என்று 2003 ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டத்தில் எழுதிவைத்துவிட்டார்கள். எடை கூடுவதை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குவது அநியாயம் என்பதே என் கருத்தும். உங்கள் உயரத்துக்கு 88 கிலோ என்றால் உடல் திணிவுச் சுட்டி ஏறத்தாழ 36. அது சிகிச்சை தேவைப்படுகிற நோய், சோம்பேறித்தனம் அல்ல. இந்த வழக்கில் நான் உங்கள் பக்கம். ஆனால் கம்பனி செய்கிற அநியாயத்துக்கு ஈடாக அம்மாவின் நோயைப் பற்றுச்சீட்டாக மாற்ற உங்களுக்கு உரிமையில்லை.

இனி உங்கள் கேள்வி. கண்டுபிடிக்காமலும் போகலாம். கண்டுபிடித்தால் மாட்டுவது நீங்கள் அல்ல, தம்பி. அந்தப் படிவம் அவன் தன் வேலைகொடுப்போரிடம் எழுத்தில் கொடுக்கிற வாக்குமூலம், அதில் பொய் இருந்தால் காப்புறுதி மட்டுமல்ல, வேலையும் போகலாம். கண்டுபிடிக்காவிட்டாலும் நட்டம் உண்டு. எல்லை நான்கு மாத ஊசிக்குக் காணும் என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். மீதி எட்டு மாதத்தில் அம்மாவுக்குக் காலில் ஒரு புண் வந்தால், கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னால், அந்த எல்லையில் ஒரு சதம் இருக்காது. அது தம்பியின் உழைப்பில் அம்மாவுக்கென்று வந்த பணம். தம்பியின் காப்புறுதியை நான்கு மாதம் என்று அளந்து வைத்திருக்கிற நீங்கள், அம்மாவின் சீனி கடைசியாக எவ்வளவு இருந்தது என்று கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை.

சொந்தக் காசு என்றால், முதலில் காசின் நீளத்தைப் பாருங்கள். பார்மஸியில் சொன்ன விலை எந்த அளவுக்கு? எடைக்காக இந்த ஊசியை முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கொரு முறை 0.5, 1, 1.7 என்று ஏற்றி 2.4 வரை கொண்டுபோவார்கள். தொடக்க அளவின் விலையைக் கேட்டுவிட்டு வருடக் கணக்குப் போட்டால் அது பொய்க்கணக்காகலாம். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியே விலை கேட்டு எழுதுங்கள். 2021 இல் வெளியான பெரிய ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் இதை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக 15 வீதம் எடை குறைந்தது. உங்கள் கணக்கில் அது 13 கிலோ. ஊசியை நிறுத்தி ஒரு வருடம் போனபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்குத் திரும்ப வந்துவிட்டது. ஆகவே நான்கு மாதம் போட்டு நிறுத்துவதற்கு இது காய்ச்சல் மருந்து அல்ல. ஆசிரியர் ஓய்வறையில் பத்துப் பேர் சேர்ந்து போடுகிற சீட்டு பத்து மாதத்தில் முடிந்துவிடும், ஊசி முடியாது. முதல் மாதமே சீட்டை எடுத்தீர்களென்றால், காசு தீர்ந்த பிறகும் கட்டுக்காசைக் கட்டிக்கொண்டு, அடுத்த ஊசிக்கு இன்னொரு சீட்டில் சேர்வீர்கள். அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அம்மா வருகிறார், தம்பி வருகிறான், பிள்ளைகூட வருகிறது. உங்கள் கணவர் மட்டும் இந்தக் கடிதத்தில் ஒரு வரியிலும் இல்லை. அவர் இருக்கிறார் என்றால், உங்கள் முழங்காலுக்கு ஆகும் செலவு முதலில் அவர் தலையிலும் உங்கள் தலையிலும் விழ வேண்டியது, தாய்வீட்டின் தலையில் அல்ல. இருவரும் உட்கார்ந்து, லீசிங் கட்டுவதையும் நகை அடகுக்கு வட்டி கட்டுவதையும் எழுதுகிற அதே கொப்பியில், அந்த ஆய்வின் 68 வாரத்துக்குச் சற்று மேலாக, பதினெட்டு மாத ஊசிச் செலவையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். சம்பளத்தில் பாதியைப் பதினெட்டு மாதம் இல்லாமல் வீடு ஓடும் என்றால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஓடாது என்றால் தொடங்காதீர்கள்.

தொடங்க முடியாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன; முப்பத்தைந்து வயதைக் கடந்த உங்களுக்கு எடை, இரத்த அழுத்தம், சீனி எல்லாவற்றையும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். தைராய்டையும் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். உங்களுக்கே சீனி தொடங்கியிருப்பதாகத் தெரிந்தால், உங்கள் பெயரில், உங்கள் நோய்க்கு, அரச கிளினிக்கில் மெட்போமின் போன்ற பழைய மாத்திரைகள் காசில்லாமல் கிடைக்கும். ஊசி அளவுக்கு எடையைக் குறைக்காவிட்டாலும், சீனியைப் பிடித்து வைக்கும். முழங்காலுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். கண்டி வைத்தியரிடமும் திரும்பப் போய், இவ்வளவுதான் என்னால் முடியும், இதற்குள் என்ன செய்யலாம் என்று நேராகக் கேளுங்கள். நோயாளியின் வருமானத்தைக் கேட்காமலே மருந்து எழுதுகிற பழக்கம் நம் வைத்தியர்களிடம் இருக்கிறது, நாமும் வெட்கப்பட்டு வாயைத் திறப்பதில்லை.

சென்னைக்குப் போய்வருகிறவர்களிடம் சொல்லி மலிவாக எடுக்கலாம் என்று அடுத்ததாக யாராவது சொல்வார்கள். தொடங்காத ஊசிக் குழாயை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். பயணப் பையில் சேலைகளுக்கு நடுவே வருகிற ஊசி எத்தனை மணித்தியாலம் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. போலிச் செமாகுளுடைட் பல நாடுகளில் பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 இல் எச்சரித்திருக்கிறது. பதிவுபெற்ற பார்மஸியில், உங்கள் பெயருக்குப் பற்றுச்சீட்டோடு வாங்க முடியாத ஊசி உங்களுக்கு வேண்டாம்.

அம்மாவின் அடுத்த கிளினிக் நாள் எப்போது என்று இன்றைக்கே கேளுங்கள். அன்று ஒரு நாள் லீவு போட்டு, விடியற்காலையில் அவரோடு வரிசையில் நில்லுங்கள். கொப்பியை வாங்கி, கடைசி மூன்று தடவை சீனி எவ்வளவு என்று வாசித்து, அவருக்கும் சொல்லுங்கள். விளங்கும்படி சொன்னால் அவருக்கு விளங்கும். அந்தப் படிவத்தைத் தம்பிக்குத் திருப்பி அனுப்புங்கள், கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.