கேள்வி நேரம்: ஸ்பேனரைக் கீழே வைத்த பிறகு

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மூன்று மாதமாக ஷிஃப்ட் பொறுப்பு. வயதில் மூத்த ஃபிட்டர்களிடம் வேலை சொல்லத் தயங்கி, கடைசியில் நானே ஸ்பேனரை எடுத்துவிடுகிறேன். கூட்டத்தில் பேச ஆரம்பித்தாலே மேலாளர் "சுருக்கமா சொல்லுங்க" என்கிறார். எதை முதலில் திருத்துவது?
— வாசகர், திருமங்கலம்

பதில்: ஷிஃப்ட் மாற்றும் அந்தப் பத்து நிமிடத்தை முதலில் திருத்துங்கள். ஓடுவது, நின்றிருப்பது, பாதியில் விட்டிருப்பது என்று மூன்றையும் எந்திரத்தின் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். ஏட்டிலும் எழுதுங்கள். ஆபத்து மூன்றாவதில்தான் இருக்கிறது. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பழுதுபார்க்க ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்த செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்பு நின்றதும் இதை இயக்கிவிட்டார்கள். உங்கள் ஆலையில் வேலை செய்யவிடாமல் பைபாஸ் செய்த லிமிட் ஸ்விட்ச் (எந்திரம் எல்லை தாண்டினால் நிறுத்தும் ஸ்விட்ச்), கழற்றி வைத்த பெல்ட் கவர் இரண்டும் இந்த வகைதான். சிவப்பு மையில் எழுதி, அடுத்து வருபவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, கையெழுத்து வாங்குங்கள்.

மூத்தவர்களிடம் "அண்ணே, புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "சரி தம்பி" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "மொதல்ல எதைக் கழட்டப் போறீங்கண்ணே?" என்று கேளுங்கள். மரியாதையும் குறையாது, அவருக்கு எந்த அளவு விளங்கியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

வேலை சொல்லும்போது எந்த எந்திரம், எந்த நிலையில் முடிய வேண்டும், எத்தனை மணிக்குள், எப்போது உங்களைக் கூப்பிட வேண்டும் என்ற நான்கும் இருக்கட்டும். "ஏழாம் நம்பர் ரிங் ஃபிரேம் மோட்டார்ல பேரிங் சத்தம் கேக்குது. பதினோரு மணிக்குள்ள மாத்தி ஓட்டணும்ணே. ஷாஃப்ட்ல தேய்மானம் தெரிஞ்சா அப்படியே விட்டுட்டு என்னைக் கூப்பிடுங்க." பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான். அது இல்லையென்றால், ஒன்று எல்லாவற்றுக்கும் உங்களைக் கூப்பிடுவார், இல்லையென்றால் தேய்ந்த ஷாஃப்டிலேயே புது பேரிங்கைத் தட்டி ஏற்றிவிடுவார். பேரிங்கை எப்படி ஏற்றுவது என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். சூடாக்கினால் 120 டிகிரியைத் தாண்டக் கூடாது, தீயை நேரடியாகக் காட்டக் கூடாது என்று எல்லையை மட்டும் சொல்லுங்கள்.

கை அரித்தாலும் இருபது நிமிடம் ஸ்பேனரைத் தொடாமல் நில்லுங்கள். இன்று நீங்கள் முடித்துக் கொடுத்தால், நாளை இரவு இரண்டு மணிக்கும் உங்களுக்குத்தான் போன் வரும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. மின்சாரப் பேனலுக்குப் பூட்டும் பெயர் அட்டையும் போடாமல் ஒருவர் கை வைத்தால் எல்லார் முன்னாலும் உடனே நிறுத்துங்கள். கண்டிப்பது தனியாக, அன்றைக்கே.

மேலாளர் விஷயம். பழுதை நீங்கள் கண்டுபிடித்த வரிசையிலேயே சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவருக்கு முடிவுதான் முதலில் வேண்டும். "சார், ரெண்டாவது கம்ப்ரசரை ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் நிறுத்த அனுமதி வேணும். இல்லேன்னா வேலை நாள்ல அதுவே நின்னுடும், ஆட்டோகோனர் மெஷினுக்குக் காத்து இருக்காது. பேரிங் ஸ்டோர்ல இருக்கு." அரை நிமிடம் போதும். அதிர்வு அளவுகள் கையில் இருக்கட்டும், கேட்டால் காட்டுங்கள். தெரியாததைக் கேட்டால், "நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள பார்த்துச் சொல்றேன் சார்" என்று சொல்லி, ஒன்பதே முக்காலுக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வடபழஞ்சி ஐ.டி. பூங்காவில் வேலை. ஆங்கிலம் சரளமாக வராதவர் டீம் லீட் ஆக முடியுமா?
— வாசகி, நாகமலை புதுக்கோட்டை

பதில்: முடியும். வாடிக்கையாளர் அழைப்பு முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஐந்து வரி அனுப்புங்கள்: என்ன முடிவானது, யார் செய்கிறார், எந்தத் தேதிக்குள், எது பாக்கி, யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறோம். பேச்சில் விட்டுப்போனது அதில் சரியாகிவிடும். அழைப்பில் ஒன்று விளங்கவில்லை என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். நீங்கள் புரிந்துகொண்டதை ஒரு சின்ன வாக்கியத்தில் திருப்பிச் சொல்லி, சரியா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.