பை கட்டி வைத்தால் பக்தி குறைவா?

கேள்வி: நிலநடுக்கத்துக்குப் பிறகு கதவோரம் ஒரு பையைக் கட்டி வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். தெருவில் லாரி போனால்கூடத் திடுக்கிட்டு எழுந்து, மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன். “சாமி மேல நம்பிக்கை இருந்தா இப்படிப் பயப்படுவியா?” என்கிறார் மாமியார். என் பக்தியில்தான் குறையா?
– ஒரு வாசகி, மாண்டலே, மியான்மர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

2025 மார்ச் 28 உங்களுக்கு மறக்காது. ரமலான் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை அது. ஜும்ஆ தொழுகைக்கு வந்திருந்தவர்கள் மேலேயே பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன. உங்கள் ஊர் மடம் ஒன்றில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிக்குகள் இடிபாட்டில் புதைந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பக்தி போதவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. 7.7 அளவில் தரை ஆடிய பிறகு உடம்பு நடுங்குவது இயற்கை. அதைச் சாமி கணக்கில் எழுதாதீர்கள்.

என் பாட்டி, ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, 1942இல் ப்ரோம் வழியாக அரக்கான் மலையைத் தாண்டி இந்தியாவை நோக்கி நடந்தவர். இடுப்பில் கைக்குழந்தை, தலையில் அரிசி மூட்டை, முந்தானை முடிச்சில் காளியம்மன் குங்குமம். பாதி வழியில் காலராவில் குழந்தை போய்விட்டது. சண்டை முடிந்ததும் திரும்பி வந்து, சாகும்வரை அதே அம்மனுக்கு விளக்கேற்றினார்.

பத்து வயதில் நான் கேட்டேன்: “பாப்பாவை ஏன் ஆத்தா காப்பாத்தல?”

பாட்டி திரியைத் தூண்டிக்கொண்டே, “தெரியலடி. நானும் தினம் அவகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார்.

நம்பிக்கை என்றால் எனக்கு அந்தக் குரல்தான் காதில் விழும். எல்லாம் நன்மைக்கே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. காரணம் தெரியாமலே, அவளிடமே கேட்டபடி, அவள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். குங்குமம் இருக்கிறதே என்று அரிசி மூட்டையை இறக்கி வைக்கவும் இல்லை.

அதனால் பை இருக்கட்டும். தண்ணீர், டார்ச், அடையாள அட்டை, பிள்ளையின் மருந்து எல்லாம் அதில் இருக்கட்டும். தூண்களில் விரிசல் இருந்தால் விவரம் தெரிந்த இன்ஜினியரிடம் காட்டும்வரை அந்த வீட்டில் படுக்க வேண்டாம். பின்னதிர்வுகள் நாள் போகப் போகக் குறையும். “இன்னிக்கு ராத்திரி பெருசா வரும்” என்று போனில் வருவதையெல்லாம் உடனே அழித்துவிடுங்கள். நிலநடுக்கத்துக்கு நாள் குறிக்க யாராலும் முடியாது. தூக்கம் இப்படியே கெட்டுக்கொண்டிருந்தால் டாக்டரைப் பாருங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

அப்புறம், அத்தையும் பயந்துதான் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த வயதில் அதை மருமகளிடம் சொல்ல வராது. இன்று சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பையை அவர் கையில் கொடுத்து, அவருடைய மாத்திரையையும் கண்ணாடியையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கோயில் விபூதிப் பொட்டலத்துக்கும் அதில் இடம் இருக்கும்.